பதினாலு என்று சொன்ன பிள்ளை

பெயர்ப்பதிவு சனிக்கிழமை பகல் பன்னிரண்டரை மணியோடு முடிகிறது என்று பள்ளி வாசல் பலகையில் ஒட்டியிருந்தார்கள். வியாழக்கிழமையே நின்று படித்து எழுதிக்கொண்டேன். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு படிக்கும் பிள்ளைகள் மலாக்கா பட்டணத்து ஆங்கில இடைநிலைப்பள்ளியில் சேர நுழைவுத் தேர்வு எழுதலாம். பிள்ளை நேரில் வர வேண்டும். பிறப்புப் பத்திரம், தலைமையாசிரியரின் கடிதம், இரண்டு படம். வரும் ஜனவரி முதல் தேதியன்று பதின்மூன்று வயதைத் தாண்டியிருக்கக் கூடாது.

கடைசி வரிதான் எங்களுக்குத் தொல்லை. என் அக்கா மகளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. அவளுடைய ஐ.சி.யின்படி, அதாவது அடையாள அட்டையின்படி, பதினாலு. அந்த வயதைப் பாரத்தில் எழுதியவன் நான்.

அக்கா சிம்பாங் அம்பாட்டுக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டினாள். வெள்ளைக்காரர்கள் மலாயாவில் அவசரகாலம் அறிவித்து ஆறு வருடம் ஆகியிருந்தது. கடலோரத்தில் கெடுபிடி தளர்ந்திருந்தது. செர்காம் பக்கத்து மீனவர்கள் இரவிலும் நடமாடினார்கள். உள்ளே அப்படி இல்லை. காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்ச் சேரக்கூடாது என்று தொழிலாளர் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டு, ஒரே ஒரு கேட் வைத்திருந்தார்கள். பன்னிரண்டு வயது நிரம்பியவர்களுக்கு அடையாள அட்டை உண்டு. அட்டையைக் காட்டினால்தான் கேட்டைத் தாண்டி ரப்பர்க் காட்டுக்குள் வேலைக்குப் போக முடியும்.

இரண்டு வருடங்களுக்கு முன் அக்கா வீட்டுக்காரர் நெஞ்சில் காசநோயோடு பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போனார். திரும்பி வரவில்லை, இறக்கவும் இல்லை. அங்கேயே ஒரு கட்டிலில் இருந்தார். அக்கா ஒருத்தியாக அத்தனை மரத்தையும் வெட்டிப் பாலும் எடுக்க முடியாது. முன்னால் போய்ப் பால் வடியும் மங்குகளைத் துடைத்து, வெட்டில் காய்ந்த ஒட்டுப்பாலைப் பிய்த்துக் கொடுக்க இன்னொரு ஆள் வேண்டும். பிள்ளைக்கு அப்போது பத்து வயது. அந்த நேரத்தில்தான் அடையாள அட்டைப் பதிவுக்காரர்கள் தோட்டத்துக்கு வந்து மேசை போட்டார்கள். பாரம் எழுத ஆள் போதவில்லை. பட்டணத்தில் வக்கீல் ஆபீசில் டைப் அடித்துக்கொண்டு, மலாக்கா செய்திகளை ஒரு தமிழ்ப் பத்திரிகைக்கு எழுதி அனுப்பிக்கொண்டிருந்த நானும் லீவு போட்டுப் போய் உட்கார்ந்தேன். வரிசையில் அக்கா வந்தாள், மகளின் கையைப் பிடித்துக்கொண்டு.

"பன்னெண்டுன்னு போடுடா" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

போட்டேன். பிறந்த வருடத்தை இரண்டு பின்னால் தள்ளி எழுதி, எழுதியவர் என்ற இடத்தில் கையெழுத்தும் போட்டேன். தோட்டத்தில் இது புதிதல்ல. பாதி லயங்களில் பிள்ளைகளுக்கு இரண்டு வயது இருந்தது. வீட்டுக்கு ஒன்று, கேட்டுக்கு ஒன்று. கேட்டில் பெண்களைச் சோதிக்கும் பெண் திடீரென்று வயதைக் கேட்பாள். தயங்கினால் நிறுத்திவைப்பாள். அதனால் அன்று மாலை லயத்து வாசலில் உட்கார்ந்து பிள்ளைக்குப் பழக்கினேன். வயசு என்ன? பன்னெண்டு. வயசு என்ன? பன்னெண்டு. கண்ணைத் தாழ்த்தாமல், எச்சில் விழுங்காமல் சொல்ல வேண்டும். அரை மணி நேரத்தில் கற்றுக்கொண்டாள். அடுத்த ஆவணியில் தானாகவே பதின்மூன்றுக்கு மாறிக்கொண்டாள் என்று அக்கா பிறகு பெருமையாகச் சொன்னாள்.

காலையில் காட்டு வேலை, மதியத்துக்கு மேல் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி. அப்படிப் படித்தும் வகுப்பில் அவள் முதலாவதாக வந்தாள். இந்தப் பிள்ளையை விட்டுவிடாதீர்கள் என்று தலைமையாசிரியர் லயத்துக்கே வந்து சொன்னார். இந்த வருடம் எழுதாவிட்டால் அடுத்த வருடம் உண்மை வயதிலேயே பதின்மூன்றைத் தாண்டிவிடுவாள். அதற்குப் பிறகு நாள் முழுவதும் காடுதான்.

அதனால் ஒரு திட்டம் போட்டோம். பிறப்புப் பத்திரம் உண்மையானது. அதை மட்டும் காட்டுவது. ஐ.சி. பற்றிக் கேட்டால் இனிமேல்தான் எடுக்க வேண்டும் என்று சொல்லிவிடுவது. அட்டை அக்காவின் இடுப்புப் பையில் இருக்கும், வெளியே வராது.

சனிக்கிழமை எட்டு மணிக்கே பஸ் நிலையத்தில் நின்றேன். முதல் பஸ் எட்டரைக்கு வர வேண்டும். வரவில்லை. ஒன்பதரைக்கு இன்னொரு பஸ் வந்தது. அதில் அவர்கள் இல்லை. கண்டக்டரிடம் கேட்டேன். அலோர் காஜாவுக்கு முன்னால் ரோட்டில் நிறுத்திச் சோதிக்கிறார்கள், முன்னால் புறப்பட்ட பஸ் அங்கேதான் நிற்கிறது என்றான். மற்ற நாளாக இருந்தால் அது எனக்கு நான்கு வரிச் செய்தி. எத்தனை பேர் இறக்கப்பட்டார்கள், எவ்வளவு நேரம் என்று கேட்டு எழுதியிருப்பேன். அன்று எதுவும் கேட்கத் தோன்றவில்லை. நிலையத்துக் கடிகாரத்துக்கும் சாலை முனைக்கும் நடந்தேன். காப்பிக் கடைக்காரர், "என்னா தம்பி, பெண்டாட்டி ஓடிப் போச்சா?" என்று கேட்டார். சிரித்துவைத்தேன்.

பத்தேமுக்காலுக்கு பஸ் வந்தது. அக்கா முதலில் இறங்கினாள். வெளுத்த நீலச் சேலை, தலையில் எண்ணெய். பிள்ளை பள்ளிக்கூடத்து வெள்ளைச் சட்டையில் இருந்தாள். இருவருமே ஒன்றும் சாப்பிடவில்லை. கேட்டைத் தாண்டி ஒரு கவளம் சோறு கொண்டுவர முடியாது. அவித்த மரவள்ளிக்கிழங்கைக்கூடப் பிடுங்கிக்கொள்வார்கள்.

"எல்லாரையும் எறக்கிட்டான்டா. மூட்டை முடிச்சு எல்லாத்தையும் கொட்டிப் பாத்தான். ஒரு கெழவனோட வெத்தலப் பையக் கூட விடல."

"சாப்பிட்டுட்டுப் போலாமா?"

"மணி என்னா இப்ப?"

சொன்னேன். சாப்பிட வேண்டாம் என்று பிள்ளைதான் சொன்னாள். அவள் எங்கள் இருவரையும்விட வேகமாக நடந்தாள். வழி தெரியாததால் ஒவ்வொரு முனையிலும் நின்று திரும்பிப் பார்த்தாள்.

பள்ளி அலுவலகத்து வராந்தாவில் பதினைந்து பேருக்கு மேல் வரிசையில் நின்றார்கள். பெரும்பாலும் பட்டணத்துக்காரர்கள். எங்களுக்கு முன்னால் துணிக்கடைக்காரர் ஒருவர் மகளுடன் நின்றார். அக்காவின் கால்களைப் பார்த்தார். ரப்பர்ப் பால் நகக் கண்ணில் கறுத்துப்போயிருந்தது.

"எந்தத் தோட்டம்மா?" என்றார்.

அக்கா சொன்னாள்.

"அங்கேர்ந்து தெனம் எப்படி வரும் பிள்ள? பஸ்ஸு இருக்கா?"

"பாஸ் பண்ணட்டும் மொதல்ல. பாஸ் பண்ணா பறந்து வரும்" என்றாள் அக்கா. துணிக்கடைக்காரர் சிரித்துவிட்டார். அவர் மகள் சிரிக்கவில்லை. எங்கள் பிள்ளையின் கையில் இருந்த தலைமையாசிரியரின் கடிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வரிசை நகரவில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஐந்தாறு நிமிடம் ஆனது. பதினொன்றே கால். பதினொன்று இருபத்தைந்து. அக்கா இடுப்புப் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். தொடாதே என்று கண்ணால் சொன்னேன். பிள்ளை ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். குனிந்து கேட்டேன், வாரத்தின் நாள்கள், ஆங்கிலத்தில். ஆங்கிலத்தில் ஏதாவது கேட்பார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நாங்கள் அவளுக்கு வேறு எதையும் சொல்லித் தரவில்லை. அட்டையைக் காட்டாதே என்று அக்காவுக்குத்தான் பத்து முறை சொன்னேன். பிள்ளையிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

மேசையில் எழுத்து வேலை பார்த்த கிராணி ஐம்பது வயதுக்காரர். தமிழ்க் கிறிஸ்துவர், சட்டைப் பையில் சிறிய சிலுவை மாட்டிய பேனா. கை சுத்தமாக, எழுத்து அச்சுப்போல இருந்தது. பிறப்புப் பத்திரத்தை வாங்கி விரித்தார். ஜப்பான்காரர்கள் ஆண்ட காலத்தில் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் எழுதிக் கொடுத்த பழுப்புத் தாள். பிறந்த வருடம் 2602 என்று ஜப்பானியக் கணக்கில் இருந்தது. அவர் அசரவில்லை. விளிம்பில் பென்சிலால் 660 கழித்து 1942 என்று எழுதிக்கொண்டார்.

"இந்த வருஷம் முழுக்க எனக்கு இந்தக் கணக்குதான்" என்றார் என்னிடம். பிறகு பிள்ளையைப் பார்த்துச் சிரித்தார். பாரத்தில் வயதுக் கட்டத்துக்கு மேல் பேனாவை வைத்துக்கொண்டே கேட்டார்.

"உனக்கு என்னம்மா வயசு?"

"பதினாலு" என்றாள் பிள்ளை.

கண்ணைத் தாழ்த்தவில்லை. எச்சில் விழுங்கவில்லை. நான் பழக்கியபடியே சொன்னாள்.

பேனா நின்றது. அக்காவிடமிருந்து ஒரு சிறு சத்தம் வந்தது. தான் சொன்னது என்ன என்று பிள்ளைக்கு அதற்குள் விளங்கிவிட்டது. வாயைக் கையால் மூடிக்கொண்டாள். அந்தக் கை எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.

கிராணி பேனாவை மூடினார். "பிள்ளைக்கு ஐ.சி. இருக்கா?"

இல்லை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். வார்த்தை தயாராகத்தான் இருந்தது. ஆனால் அக்கா அதற்குள் பையை அவிழ்த்து அட்டையை மேசைமேல் வைத்துவிட்டாள். கேட்டவுடன் எடுத்துக் காட்டுவது அவளுக்கும் பழகிப்போயிருந்தது.

அவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "இந்தப் பிள்ளைக்கு ரெண்டு பொறந்தநாளா? இங்க ஒண்ணுக்குத்தான் மிட்டாய் கொடுப்போம், தம்பி."

"பத்திரத்துல இருக்கிறதுதான் சார் உண்மை."

"எனக்குத் தெரியுது. நான் கண்ணால பாத்துட்டேனே, அதான் கஷ்டம். நாளைக்கு யாராவது கேட்டா நான் என்னா சொல்றது? பதிவு ஆபீசுல போய் அட்டையில இருக்கறது தப்புன்னு எழுதி வாங்கிட்டு வாங்க. பன்னெண்டரை வரைக்கும் லிஸ்ட மூட மாட்டேன். அதுக்கு மேல என் கையில இல்ல."

மணி பதினொன்று ஐம்பது.

வராந்தாவுக்கு வந்ததும் அக்கா என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேணாண்டா. விட்டுடு. போலீசு, ஆபீசுன்னு போனா பொய் சொன்னேன்னு என்னப் பிடிச்சிக்குவான். தோட்டத்துல வேல வாங்குற மண்டோரயும் கேப்பான், சின்னப் பிள்ளய வேலைக்கு வச்சியான்னு. லயத்த விட்டு எறக்கிட்டா எங்க போவேன்?"

அவள் சொன்னது தவறில்லை. அந்தச் சட்டப் பிரிவை நானே வக்கீல் ஆபீசில் எத்தனையோ முறை டைப் அடித்திருக்கிறேன். பதிவுக்குப் பொய்த் தகவல் கொடுப்பது குற்றம். கொடுத்தவரும் மாட்டுவார், தெரிந்தே எழுதியவரும் மாட்டுவார். அக்கா தனக்காகப் பயந்தாள். நான் எனக்காகவும் பயந்தேன். குற்றம் சாட்டப்பட்ட டைப்பிஸ்டை எந்த வக்கீலும் வைத்துக்கொள்ள மாட்டார்.

பிள்ளை எங்கள் இருவரையும் பார்க்கவில்லை. தூணைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நான் வேணும்னு சொல்லல மாமா. வாயி தானா சொல்லிடுச்சி."

அந்த வாயைப் பழக்கியது யார் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்லி நின்றுகொண்டிருந்திருப்பேன். கேட்காததால் நடக்கத் தொடங்கினேன். இரண்டு பேரும் பின்னால் வந்தார்கள்.

பதிவு அலுவலகம் ஆற்றுக்கு அந்தப் பக்கம். பாலத்தில் மாட்டு வண்டி ஒன்று குறுக்கே நின்றது. விளிம்போடு ஒட்டிக்கொண்டு கடந்தோம். என்ன சொல்வது என்று போகிற வழியில்தான் முடிவு செய்தேன். கிராணி விளிம்பில் எழுதிய பென்சில் கணக்கு கண் முன்னால் நின்றது. 660-க்குப் பதிலாக 662 கழித்தால் 1940 வரும். அட்டையில் இருப்பது அதுதான்.

அலுவலகத்தில் ஒரே ஒரு மலாய் அதிகாரி இருந்தார். சனிக்கிழமை அரை நாள். சன்னல்களை ஏற்கெனவே சாத்திக்கொண்டிருந்தார். மலாயில் பேசினேன். தோட்டத்துப் பதிவில் பாரம் எழுதியவன் நான், ஜப்பானிய வருடத்தை மாற்றும்போது கணக்கில் இரண்டு தவறிவிட்டது, தாய்க்குப் படிக்கத் தெரியாததால் யாரும் கவனிக்கவில்லை. பிறப்புப் பத்திரத்தைக் காட்டினேன். பென்சிலால் எழுதிய இடத்தைத் தொட்டுக் காட்டினேன்.

அவர் தாளை வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு என்னை நெடுநேரம் பார்த்தார். என் பார்வை எங்கே இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. பத்து வயதுப் பிள்ளைக்கு அதை அரை மணியில் கற்றுக்கொடுத்திருந்தேன்.

"அனாக் சாயா புன் பெகித்து லா" என்றார். தன் பிள்ளைக்கும் அதே கதைதான் என்று பொருள். அவருடைய மகனும் ஜப்பான் காலத்தில் பிறந்தவன். பள்ளியில் சேர்க்கப் போன இடத்தில் ஆசிரியர் 2603 என்பதைப் பார்த்து, இன்னும் பிறக்கவே இல்லையே என்று கேலி செய்தாராம். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அக்கா, எதற்கென்று தெரியாமலேயே, கொஞ்சம் சிரித்தாள்.

அவர் நம்பினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நம்ப முடிவு செய்தார் என்று மட்டும் சொல்லலாம். ஆனால் எழுத்தில் வாக்குமூலம் வேண்டும், டைப்பிஸ்ட் போய்விட்டார், திங்கட்கிழமை வாருங்கள் என்றார்.

"நானே அடிக்கிறேன் துவான்" என்றேன்.

மேசையில் இருந்த பழைய டைப்ரைட்டரில் 'e' எழுத்து சிக்கியது. கடிகாரம் என் தலைக்கு மேலே இருந்ததால் அதைப் பார்க்க முடியவில்லை. சத்தம் மட்டும் கேட்டது. வருடத்தை மாற்றியதில் கவனக்குறைவால் பிழை செய்தேன் என்று ஆங்கிலத்தில் ஒன்பது வரி. தாளில் ஓர் எழுத்துகூடத் தவறவில்லை. கையெழுத்திட்டேன். அவர் முத்திரை குத்தி, பிறந்த வருடம் திருத்தப்படுகிறது என்று ஒரு ரசீது எழுதினார். பழைய அட்டையை எடுத்து இழுப்பறையில் போட்டுப் பூட்டினார்.

வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போனவனைத் திரும்பக் கூப்பிட்டார். புது அட்டை வர மூன்று வாரமாகும். பட்டணத்துக்குள் இந்த ரசீது போதும். உள்நாட்டுத் தோட்டத்துக் கேட்டில் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள்; அட்டை இல்லாமல் பிடிபட்டால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. பிள்ளை இங்கேயே இருப்பது நல்லது.

அதைத் தமிழில் சொல்ல அப்போது நேரமில்லை. பாலத்தைத் தாண்டி ஓடினோம். உண்மையாகவே ஓடினோம், அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். ரிக்‌ஷாக்காரன் ஒருவன் எங்களைப் பார்த்துக் கை தட்டினான்.

வராந்தா காலியாக இருந்தது. கிராணி மேசையில் லிஸ்ட் விரித்தபடியே கிடந்தது. அவர் குடையை எடுத்துக் கையில் வைத்திருந்தார். ரசீதைப் படித்தார். குடையை வைத்துவிட்டு உட்கார்ந்தார். பிள்ளையிடம் இம்முறை ஒன்றும் கேட்கவில்லை. பத்திரத்தைப் பார்த்தே கட்டங்களை நிரப்பினார். கடைசிப் பெயராக அவள் பெயர் ஏறியது. அதற்குக் கீழே அளவுகோலை வைத்து ஒரு கோடு இழுத்தார்.

"அடுத்த மாசம் மொத சனிக்கிழமை. எட்டு மணிக்கு மணியடிக்கும். ரெண்டு பென்சில் கொண்டா" என்று தேர்வுச் சீட்டை அவளிடமே நீட்டினார்.

காப்பிக் கடையில் மூன்று பேரும் சாப்பிட்டோம். அங்கேதான் அக்காவிடம் சொன்னேன். முதலில் அவளுக்குப் புரியவில்லை.

"மூணு வாரமா? பிள்ள இங்கயா?"

"எங்க வீட்டுல இருக்கட்டும். பரீட்சைக்கும் அங்கேர்ந்தே போயிடலாம். சாயங்காலத்துல ஆஸ்பத்திரிக்குப் போய் அப்பாவப் பாத்துட்டு வரட்டும்."

"அப்ப திங்கக்கிழமை எனக்கு மங்கு தொடைக்க யாரு?"

 அவள் பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. பாதி இட்லியை மகளின் தட்டில் தள்ளிவிட்டு, விரல்களை மடக்கிக்கொண்டு ரப்பர் மர நிரைகளை எண்ணினாள். எந்த நிரையை முதலில் வெட்டினால் வெயிலுக்கு முன் பால் எடுக்கலாம் என்று தனக்குள்ளேயே பேசினாள். எதிர் லயத்துக்காரி மகளைக் கேட்கலாமா என்றாள். பிறகு அதையும் வேண்டாம் என்றாள். பிள்ளை தலையைக் குனிந்து சாப்பிட்டாள். சந்தோஷத்தை மறைக்க அவளுக்கு யாரும் பழக்கவில்லை. காதுவரைக்கும் தெரிந்தது. அக்கா அதைப் பார்த்தாள்.

"சிரிக்கறியா? சிரி சிரி. நீ சிரிக்கத்தானே இவ்ளோ ஓட்டம்."

"இல்லம்மா."

"என்னா இல்ல. பல்லு தெரியுது."

இரண்டரை பஸ்ஸில் அக்கா ஏறினாள். சன்னல் ஓரம் உட்கார்ந்து, மூன்று வாரத்துக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் இரண்டு நிமிடத்தில் சொன்னாள். மாமி எழுந்திருக்கும் முன்னால் எழுந்திரு. அப்பா கட்டிலுக்குக் கிட்டே போய் நிற்காதே, தள்ளி நின்று பேசு. வெள்ளைச் சட்டையைத் தினமும் துவை. மண்டோர் கேட்டால் என்ன சொல்வது என்று என்னிடம் கேட்டாள்.

"பரீட்சைக்குப் போயிருக்குன்னு சொல்லு."

"நம்புவானா?"

"அதுதானே அக்கா உண்மை."

"அதான் கேக்குறேன்" என்றாள்.

பஸ் முனையில் திரும்பும்வரை அவள் தலையை உள்ளே இழுக்கவில்லை. பிள்ளை கையசைக்கவில்லை. ஒரு கையில் ரசீதும் இன்னொரு கையில் தேர்வுச் சீட்டும் இருந்தன. இரண்டையும் ஒரே கைக்கு மாற்ற அவளுக்குப் பயமாக இருந்தது.